செவுள் பார்த்த விரல்

பயப்படாதீய தம்பி, கண்டக்டர்ட்ட சொல்ல மாட்டேன். சீட்டுக்கு அடியில பையத் தள்ளி, ரெண்டு காலையும் சேத்து வச்சு மறைச்சிருக்கீயள்லா, அது மீனுதான? ஏறி உக்காந்ததுமே எனக்குத் தெரிஞ்சு போச்சு. வெளமீனு. சரியா? பாத்தீயளா! பையத் தொறக்காமலே சொல்லிட்டேன்.

நானும் கண்டக்டரா இருந்து ரிட்டயர்டு ஆனவன்தான். இதே தூத்துக்குடி கோவில்பட்டி ரூட்டு. நான் டூட்டியில இருந்திருந்தா மீனையும் உங்களையும் சேத்து மூணாம் மைல்லயே எறக்கி விட்டிருப்பேன். இப்ப நானும் டிக்கெட் வாங்கிட்டு உக்காந்திருக்கேன். உங்களுக்கு நல்ல நேரம்.

என்ன, அப்பத்துலேர்ந்து என் விரலையே பாக்கீய? இதுவா? எலுமிச்சம்பழம். நகச்சுத்து வந்திருக்கு. பழத்துல ஓட்டை போட்டு விரலச் சொருகிக்கிட்டா குளுகுளுன்னு இருக்கும். டாக்டர்ட்ட போனா கீறணும்பாரு, மாத்திரைம்பாரு. நமக்கு எதுக்கு அது? போன வருசமும் இதே விரல்லதான் வந்துது. ஆள்காட்டி விரல். அந்த நேரத்துல எங்க தெருவுல நடந்த கூத்து இருக்கே, அத உங்ககிட்டச் சொல்லியே ஆகணும். எட்டயபுரம் வாரதுக்குள்ள முடிச்சிருதேன். பைய ஏன் அந்தப் பக்கம் நகட்டுதீய? நான் என்ன புடுங்கிட்டா போகப் போறேன்?

எங்க தெருவுல ஒருத்தன் வீட்டுக்கு மீன் வாங்கணும்னா முதல்ல என்னையத்தான் கூப்பிடுவான். பெருமைக்குச் சொல்லல. என் விரல் அப்படி. டிக்கெட் கிழிச்சுக் கிழிச்சு வந்த பழக்கம். ரெண்டு டிக்கெட் ஒட்டிக்கிட்டு வந்தாக் கூட விரலு சொல்லிரும். அந்த விரலால மீன ஒரு அமுக்கு அமுக்கினேன்னா, அது என்னைக்குக் கடல விட்டு வந்துதுன்னு சொல்லிருவேன். பொறவு நாக்குல லேசா விரலத் தொட்டுக்கிட்டு, செவுளத் தூக்கி, உள்ள விட்டு ஒரு தடவு. மோந்து பாக்கணும். முடிஞ்சுது. எதுக்கு நாக்குல தொடணும்னு கேக்கீயளா? காஞ்ச விரலு வழுக்கிட்டுப் போகும் தம்பி. டிக்கெட்டும் அப்படித்தான், செவுளும் அப்படித்தான்.

எங்க மார்க்கெட்டுல அமலோற்பவம்னு ஒருத்தி இருக்கா. வாசல ஒட்டினாப்புல வாதாம் மரத்தடியில உக்காந்து விப்பா. மார்க்கெட்டுலயே நல்ல இடம் அதுதான். வீட்டுக்காரரு கடல்ல போனப்ப முதுகுல அடிபட்டு, படுத்த படுக்கையாக் கெடக்காரு. மகள காலேஜுல படிக்க வைக்கா. அந்த இடம் போச்சுன்னா அவளுக்கு எல்லாம் போச்சு. அதனால அவ என்ன பண்ணுவா, விடியக்காலம் கூடையில மீன அடுக்கி வச்சுட்டு, நான் வார வரைக்கும் யாருக்கும் குடுக்க மாட்டா. "கண்டக்டர் அண்ணாச்சி கை வைக்கட்டும், பொறவுதான் போணி"ம்பா. என் கைராசி அப்படி.

நானும் சும்மா ஒண்ணு ரெண்டத் தொட்டுட்டு வார ஆளு இல்ல. கூடையில இருக்க அத்தன மீனையும் ஒண்ணு விடாம அமுக்கி, செவுளத் தூக்கி, மோந்து, "நல்ல மீனு, வாங்குங்க"ன்னு ஒரு சத்தம் குடுப்பேன். சுத்தி நிக்கிறவளுக எல்லாம் அதுக்காகவே காத்துக்கிட்டு நிப்பாளுக. கூடை காலியாகிரும். பக்கத்துல பெட்டி நெறைய ஐஸு போட்டு மீனு வச்சிருப்பா, அத ஒருத்தரும் சீண்ட மாட்டாவ. ஏன்னா அது நான் தொடாத மீனு. இப்படியே எத்தன வருசம் ஓடுச்சு தெரியுமா? ஒருத்தருக்கு ஒரு வயித்து வலி உண்டா? கிடையாது.

பொறவு அந்த நகச்சுத்து வந்துது. விரலு தடியா வீங்கி, ஓரத்துல மஞ்சளாக் கட்டிக்கிட்டு, விண்ணு விண்ணுன்னு தெறிக்கும். எலுமிச்சம்பழத்த மாட்டிக்கிட்டு மார்க்கெட்டுக்குப் போனேன். அமலோற்பவம் பாத்துட்டு, "அண்ணாச்சி, விரலு சரியாகுத வரைக்கும் நீங்க கண்ணால பாத்துச் சொல்லுங்க, போதும்"னா. பாசக்காரி. எனக்கு வலிக்குமேன்னு சொல்லுதா. நான் கேப்பனா? மீனு பாக்குத ஆளுக்கு வலி ஒரு பொருட்டா? பழத்தக் கழட்டி மடியில வச்சுக்கிட்டு, எப்பவும் போல எல்லாத்தையும் பாத்துட்டு, திரும்ப மாட்டிக்கிட்டேன். பழத்தோடயே பாக்கலாமேன்னு நீங்க நெனைக்கலாம். பழம் இருந்தா மீனு வாடையே தெரியாது தம்பி. தொழில்னா தொழிலு.

அந்த நேரத்துலதான் எதுத்த வீட்டு ராசாமணி மகளுக்குக் கல்யாணம் முடிஞ்சு மறுவீட்டு விருந்து. மாப்பிள்ளை வீட்டுக்காரவ கோவில்பட்டிக்கு மேக்க இருந்து வேன் வச்சு வாராவ. கடலக் கண்டறியாத ஆளுக. ராசாமணி முந்தின நாளே வந்து, "வே கண்டக்டரு, மீனு பொறுப்பு ஒம்மோடது. சம்பந்தி மூக்குல விரல வைக்கணும்"னான். அவன் கேட்டது அவ்வளவுதான். நான் குடுத்தது அதுக்கும் மேல.

காலையிலயே போய் அமலோற்பவம் கூடைய அப்படியே தூக்கியாச்சு. எல்லாம் வெளமீனு, பாறை மீனு. அவ ஐஸ அள்ளிப் போட வந்தா. நான் தடுத்துட்டேன். மீனு மேல ஐஸு பட்டா ருசி செத்துப் போகும். வீட்டுக்குக் கொண்டாந்து, வேப்பமரத்தடியில அண்டாவுல போட்டு, தெருவே வேடிக்கை பாக்க, மறுபடியும் ஒண்ணொண்ணா எடுத்து ஒரு தடவ பாத்தேன். விருந்துல்லா? ஒரு மீனுகூடத் தப்பிரக் கூடாது. சமையல்காரன் வேற வீட்டுச் சோலிய முடிச்சுட்டு வெயில் ஏறினப்பொறவுதான் வந்தான். அது வரைக்கும் மீனு அது பாட்டுக்கு அண்டாவுல கெடந்துது. நானும் பக்கத்துல சேரப் போட்டு, ஈ விரட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். இந்தக் காலத்துல எவன் இப்படி உக்காருவான், சொல்லுங்க?

குழம்பு என்னா குழம்பு! சம்பந்தி மூணு தரம் வாங்கிச் சாப்பிட்டாரு. மாப்பிள்ளைப் பையன் தட்டுல வறுத்த மீனு மலை மாதிரிக் கெடந்துது. நானும் குறை வைக்கல. ராசாமணி என் தோள்ல கையப் போட்டுக்கிட்டு, "சாதிச்சுட்டீரு வே"ன்னான்.

வெத்தல பாக்குத் தட்டு சுத்தி வந்துக்கிட்டு இருக்கு. சம்பந்தி வெத்தலையக் கிள்ளினவரு அப்படியே வச்சுட்டு எந்திரிச்சாரு. நேராப் பின்கட்டுக்குப் போனாரு. வரவே இல்ல. பொறவு அவரு தம்பி எந்திரிச்சாரு. பொறவு மாப்பிள்ளை. ராசாமணி வீட்டுல இருக்கது ஒத்தைக் கக்கூஸு. பின்கட்டுல கூட்டம் நிக்குது. ஒருத்தர் வாந்தி எடுக்காரு, ஒருத்தர் கதவத் தட்டுதாரு. எனக்கும் வயித்தக் கலக்கிருச்சு. இருந்தாலும் பழைய பழக்கம் விடுமா? "உள்ள இருக்கவங்க எறங்கினாத்தான் வெளிய இருக்கவங்க ஏற முடியும், தள்ளு முள்ளு பண்ணாதீய"ன்னு வரிசை கட்டி விட்டேன். புது மாப்பிள்ளைக்கு முன்னுரிமை குடுத்தேன். அதக்கூட ஒருத்தரும் பாராட்டல.

சிரிக்கீயளா? சிரிங்க. இப்ப சிரிப்புத்தான். அன்னைக்கு வேன்ல ஏறப் போனவங்கள அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாவ. எல்லாரும் மறுநாளே எந்திரிச்சு உக்காந்துட்டாவ, கடவுள் புண்ணியம். ஆனா சம்பந்தி போகும்போது ஒரு வார்த்தை சொன்னாரு பாருங்க, "பொண்ணு நல்ல பொண்ணுதான், இந்த ஊரு சோறுதான் எங்களுக்கு ஆகாது"ன்னு. ராசாமணி மூஞ்சி செத்துப் போச்சு. ஆத்திரத்துல நேரா சுகாதார ஆபீசுக்குப் போயி, அமலோற்பவம் கெட்ட மீனக் குடுத்துட்டான்னு எழுதிக் குடுத்துட்டான்.

கெட்ட மீனு! நான் பாத்த மீனு!

மறுநாள் காலையில ஆபீசரம்மா ஒருத்தர் வந்தாவ. சின்ன வயசுதான், என் மக வயசு இருக்கும். கையில உறைய மாட்டிக்கிட்டு, அமலோற்பவம் கூடையிலேர்ந்து ரெண்டு மீனு, ஐஸு பெட்டியிலேர்ந்து ரெண்டு மீனு எடுத்துத் தனித்தனிப் பையில போட்டு சீல் வச்சுக் கொண்டு போனாவ. நான் அதுக்கு முன்னாலயே போயி கூடை மீன எப்பவும் போலப் பாத்து வச்சிருந்தேன். அதனால மனசுக்குத் தைரியமா இருந்துது. எந்த மிசினுல போட்டுப் பாத்தாலும் என் விரலு சொன்னதத்தான் சொல்லப் போவுதுன்னு இருந்தேன்.

ஆனா சீல் வச்சதப் பாத்த கூட்டம் சும்மா இருக்குமா? அன்னையிலேர்ந்து அவகிட்ட ஒரு ஈ காக்கா வரல. கூடை எப்படி வந்துதோ அப்படியே திரும்பிப் போகும். மிஞ்சின மீன எல்லாம் கருவாட்டுக்காரன் அள்ளிக்கிட்டுப் போவான். நான் மட்டும் தினமும் போயி, எல்லா மீனையும் தொட்டுப் பாத்து, "நல்ல மீனு, வாங்குங்க"ன்னு தொண்டை கிழியக் கத்துவேன். வழக்கத்த விட ரெண்டு தரம் கூடுதலாத் தொடுவேன், சனங்களுக்கு நம்பிக்கை வரட்டும்னு. ம்ஹும். வீட்டுல வந்து உக்காந்தா சோறு எறங்காது. எங்க வீட்டுக்காரி சொர்ணம், "அந்தப் பிள்ளை பாவம், நீங்க கொஞ்ச நாளைக்கு அந்தப் பக்கம் போகாம இருந்தாலே அவளுக்குப் பெரிய ஒத்தாசை"ன்னா. பொம்பளைக்குப் பொம்பள ஆகாதுன்னு விட்டுட்டேன்.

இதுல மார்க்கெட் குத்தகைக்காரன் வேற. அவனுக்கு அந்த வாதாம் மரத்தடி மேல ரொம்ப நாளாக் கண்ணு. மச்சானக் கொண்டாந்து உக்கார வைக்கணும். "மீனுல கிருமின்னு வந்துச்சுன்னா அன்னைக்கே எடத்தக் காலி பண்ணிரணும்"னு எல்லாரு முன்னாலயும் சொல்லிட்டான். அமலோற்பவம் மீனுக்குத் தண்ணி தெளிச்சுக்கிட்டே இருந்தா. வாங்க ஆளே இல்லாத மீனுக்கு.

பரிசோதனை முடிவு வந்த அன்னைக்கு ஆபீசரம்மா மார்க்கெட்டுக்கே வந்துட்டாவ. மார்க்கெட்டே கூடிப் போச்சு. ராசாமணியும் வந்து கையக் கட்டிக்கிட்டு நிக்கான். அந்தம்மா சொல்லுதாவ, "மீன் கெட்டுப் போகல. நல்ல புது மீன்தான்." நான் ராசாமணியப் பாத்து ஒரு பார்வை பாத்தேன். "ஆனா மீன் மேல கிருமி இருக்கு"ன்னாவ. இப்ப ராசாமணி என்னையப் பாத்தான்.

"இந்தக் கிருமி கடல்லேர்ந்து வர்றதில்ல. மனுஷங்க கையிலேர்ந்து வர்றது. புண்ணுல இருக்கும், சீழ்ல இருக்கும், மூக்குல இருக்கும். தொட்ட மீன வெயில்ல வச்சா அது பெருகி விஷத்தக் கக்கிரும். அப்புறம் குழம்பு வச்சுக் கொதிக்க வச்சா கிருமி செத்துரும், அந்த விஷம் சாகாது"ன்னு பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சொல்லுத மாதிரிச் சொன்னாவ. "கூடையில எடுத்த ரெண்டு மீன்லயும் கிருமி இருக்கு. ஐஸ் பெட்டியில எடுத்த ரெண்டும் சுத்தமா இருக்கு. அதுதான் எனக்குப் புரியல"ன்னாவ.

எனக்கும் புரியல. நான் பாத்த மீனுல கிருமி இருக்காம், நான் பாக்காத மீனு சுத்தமாம். மிசினு மேல எனக்கு இருந்த கொஞ்ச நஞ்ச மரியாதையும் அன்னையோட போச்சு.

அந்தம்மா அமலோற்பவத்தோட கைய வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தாவ. ஒரு கீறல் கிடையாது. அவ எப்பவும் சோப்புப் போட்டுக் கழுவிக்கிட்டே இருக்கவ. "இந்தக் கூடையில இருக்க மீன உன்னத் தவிர யாரும்மா தொடுறா?"ன்னு கேட்டாவ.

இவ குனிஞ்சு கூடை மீன ஒழுங்கா அடுக்க ஆரம்பிச்சா.

"சொல்லும்மா. வேற ஒருத்தர் கைன்னு தெரிஞ்சா உன் மேல தப்பில்ல"ன்னாவ.

அப்பவும் பேசல. குத்தகைக்காரன், "பேசலன்னா கூடையத் தூக்கு"ங்கான். எல்லாரும் தரையப் பாக்காவ. சொர்ணம் கூட அங்கன நின்னுக்கிட்டு, என் சட்டையப் பிடிச்சு இழுக்கா, வீட்டுக்குப் போவோம்னு.

அமலோற்பவம் தலையத் தூக்கி, என்னைய ஒரே ஒரு தரம் பாத்தா. பொறவு ஆபீசரம்மாகிட்ட, "யாரும் தொட மாட்டாவம்மா. நான் மட்டுந்தான். என் மேலதான் தப்பு"ன்னா.

எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க! இத்தன வருசம் தினமும் விடியக்காலம் எந்திரிச்சுப் போயி, ஒத்தப் பைசா வாங்காம, ஒவ்வொரு மீனாப் பாத்துக் குடுத்தவன் நான். ஊர் முன்னால, ஒரு ஆபீசர் முன்னால, யாரும் தொடலன்னு சொல்லிட்டாளே! என்னைய ஒரு ஆளாவே சேக்கலையே! கண்ணுல தண்ணி வந்துருச்சு தம்பி, மறைக்க மாட்டேன். அதுக்கு மேல ஒண்ணு. எடம் போனாலும் போகட்டும்னு சொல்லுதா பாருங்க. அந்த எடம் போனா அவ என்ன செய்வா?

சொர்ணம் கையத் தட்டி விட்டுட்டு முன்னால போயிட்டேன். "பொய்யி! அம்மா, அவ பொய் சொல்லுதா. இந்தக் கூடையில இருக்க ஒவ்வொரு மீனையும் நான்தான் தொடுதேன். ஒண்ணு விடாம. தினமும். விருந்து மீன ரெண்டு தரம் பாத்தேன்"ன்னேன். அந்தம்மாவுக்கு நம்பிக்கை வரல போலிருக்கு, "எப்படிப் பாப்பீங்க?"ன்னு கேட்டாவ. செஞ்சு காட்டினாத்தானே தெரியும்? பழத்தக் கழட்டினேன். விரல நாக்குல தொட்டேன். ஒரு பாறை மீன எடுத்து, செவுளத் தூக்கி, உள்ள விட்டு ஒரு தடவு. "இப்படி"ன்னேன்.

அந்தம்மா மூஞ்சியப் பாக்கணுமே. அப்படி ஒரு ஆச்சரியம். என்னைய மாதிரி ஆள அவிய படிச்ச காலேஜுல எங்க பாத்திருப்பாவ? பொறவு மெதுவா, "ஐயா, உங்க விரலக் குடுங்க"ன்னு, ஒரு பஞ்சுக் குச்சிய எடுத்து என் விரல்ல லேசாத் தடவி, அதக் குப்பியில போட்டு மூடி, சீல் வச்சாவ. மீனுக்கு வச்ச அதே சீலு. என் விரலுக்கு! மார்க்கெட்டுல யாருக்காவது அந்த மரியாதை கிடைச்சிருக்கா?

திரும்பிப் பாத்தா அமலோற்பவம் முந்தானைய வாயில வச்சுக்கிட்டு அழுதுக்கிட்டு இருக்கா. "ஏன் அண்ணாச்சி வந்தீய? உங்கள யாரு வரச் சொன்னா?"ங்கா. நன்றி சொல்லத் தெரியல பிள்ளைக்கு. ராசாமணி வாயப் பொளந்தவன் மூடவே இல்ல. பின்னால யாரோ சிரிச்சாவ. பொறவு எல்லாரும் சிரிச்சாவ. சந்தோசம்தான். குத்தகைக்காரன் மட்டும் சிரிக்கல, ஏன்னா ஆபீசரம்மா அவன்கிட்ட, "அந்தம்மா இடத்துல யாரும் கை வைக்கக் கூடாது"ன்னு கண்டிச்சுச் சொல்லிட்டாவ.

அப்ப யாரால எடம் தப்பிச்சுது? நீங்களே சொல்லுங்க. என்னால.

பொறவு எனக்கு மாத்திரை குடுத்து விட்டாவ, முழுசா முடிக்கணும்னாவ. ரெண்டு நாளு போட்டேன், வலி நின்னுது, மிச்சம் எங்கயோ கெடக்கு. குப்பியில போன என் விரலோட முடிவும் வந்துது. மீனுல இருந்த கிருமியும் என் விரல்ல இருந்ததும் ஒரே மாதிரியாம். ஒரே மாதிரின்னா? இந்த ரூட்டுல ஓடுத பஸ்ஸு எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கு, அதுக்காக எல்லாம் ஒரே பஸ்ஸா? நான் கேட்டேன். அந்தம்மா தலையில கைய வச்சுக்கிட்டாவ. சில நேரம், மத்தியானம் சும்மா படுத்துக் கெடக்கும்போது, விரலத் தூக்கிப் பாத்து ஒரு யோசனை வரும். ச்சே, அதெல்லாம் இருக்காதுன்னு திரும்பிப் படுத்துக்கிடுவேன்.

ஆனா என் மனத்தாங்கல் அது இல்ல தம்பி. இப்ப மார்க்கெட்டுல போர்டு வச்சுட்டாவ, "மீனைத் தொடாதீர்கள்"னு. அமலோற்பவமும் கூடைய விட்டுட்டா. எல்லாம் ஐஸு, மேல கண்ணாடி மூடி. கையில ஒரு நீள இடுக்கி வச்சிருக்கா. முதல் நாளு அதப் பாத்துட்டு நான் திரும்பி நடந்துட்டேன். இனிமே நமக்கு இங்க என்ன சோலின்னு ஆகிப் போச்சு. அவ பின்னாலயே ஓடியாந்து, "எங்க அண்ணாச்சி போறீய? நீங்க பாக்காம நான் எப்படிப் போணி பண்ணுவேன்?"ன்னு கூட்டிட்டுப் போனா. ஒவ்வொரு மீனா அவளே இடுக்கியால செவுளத் தூக்கிக் காட்டுதா. நான் கையப் பின்னால கட்டிக்கிட்டுக் குனிஞ்சு பாத்து, தலைய ஆட்டணும். அவ்வளவுதான். இன்னைக்கு வரைக்கும் அப்படித்தான். சனங்களும் நான் தலைய ஆட்டுத வரைக்கும் நிக்கத்தான் செய்யுதாவ. இருந்தாலும் தொட்டுப் பாக்குத மாதிரி வருமா?

இன்னைக்குக் காலையில எலுமிச்சம்பழத்தப் பாத்ததும் ரெண்டு எட்டுப் பின்னால போயிட்டா. "எங்க அண்ணாச்சி கெளம்பிட்டீய?"ன்னா. "கோவில்பட்டிக்கு, மக வீட்டுக்கு, இந்தா பத்து மணி பஸ்ஸுக்கு"ன்னேன். மக ஒருத்தி இருக்கா அங்க. "வெறுங்கையோட வாங்கப்பா, மீனு மட்டும் வாங்கிட்டு வந்துராதீய"ன்னு போன்ல ரெண்டு தரம் சொல்லிட்டா. அப்பனுக்குச் செலவு வைக்கக் கூடாதுன்னு அவ்வளவு அக்கறை.

நீங்க எங்க, மாமியார் வீட்டுக்கா? மூஞ்சியிலயே எழுதி ஒட்டியிருக்கே. புதுசா? அப்பச் சரிதான், மீனு சரியில்லன்னா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாவ, ராசாமணியக் கேளுங்க. பைய எடுங்க. ஒரு நிமிசந்தான், செவுளத் தூக்கிப் பாத்துச் சொல்லிருதேன். இருங்க, பழத்தக் கழட்டிக்கிடுதேன். காசா பணமா, ஒரு விரலுதான்.

என்ன முடிச்சு இது, இம்புட்டு இறுக்கிப் போட்டிருக்கு! பச்சை வலைக் கயிறு. இது... தம்பி, இது அமலோற்பவம் போடுத முடிச்சுல்லா! அவகிட்டயா வாங்கினீய? அத முதல்லயே சொல்லக் கூடாதா?

ஏன் கையப் பிடிக்கீய?

என்னது? சத்தமாச் சொல்லுங்க, இஞ்சின் சத்தத்துல கேக்கல. அவ சொல்லி விட்டாளா? என்ன சொல்லி விட்டா? "பத்து மணி பஸ்ஸுல விரல்ல எலுமிச்சம்பழத்தோட ஒருத்தர் வருவாரு. எவ்வளவு நேரம் வேணும்னாலும் பேச்சுக் குடுங்க. பைய மட்டும் குடுத்துராதீய."

அப்படியா சொன்னா.

ம்.

ஒண்ணு கேக்கேன், மறைக்காமச் சொல்லணும். வெறும் ஒருத்தர்னா சொன்னா? கண்டக்டர் அண்ணாச்சின்னு சொல்லலையா? சொன்னாளா? அண்ணாச்சின்னுதான் சொன்னாளா?

வேற? வேற ஒண்ணுமே சொல்லலையா? "இது காலையில அண்ணாச்சி பாத்து நல்ல மீனுன்னு சொன்னது, தைரியமாக் கொண்டு போங்க"ன்னாளா? அவளாச் சொன்னாளா, நீங்க கேட்டுச் சொன்னாளா? அவளாச் சொன்னா.

அப்பத் தொறக்க வேண்டாம் தம்பி. நான் பாத்த மீனுதான். இந்தாங்க, பிடிங்க. விரலு முடிச்சுல மட்டுந்தான் பட்டுது, உள்ள படல. வீட்டுக்குப் போனதும் கயித்த அறுத்து வீசிட்டு, கைய சோப்புப் போட்டுக் கழுவிட்டு, பொறவு மீன எடுங்க. எதுக்கும் சொல்லுதேன்.

அந்தப் பழத்தக் குடுங்க, அங்க உங்க காலடியில உருண்டு கெடக்கு பாருங்க. ஆ, ஆச்சு. பைய நல்லா உள்ள தள்ளி வைங்க, கண்டக்டரு நம்ம பக்கம் வாரான். மூஞ்சியச் சுளிக்கான், மோப்பம் பிடிச்சுட்டான். நீங்க வாயத் தொறக்காதீய, நான் பாத்துக்கிடுதேன்.

என்னப்பா, மீனு வாடையா? இங்க எங்க மீனு? எலுமிச்சம்பழம் வேணும்னா இருக்கு, மோந்து பாக்கியா?